சாமியறையில் ஒன்பது ஆமை முட்டைகள்

எங்கள் இயக்குநர் மொட்டைமாடிப் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால்தான் நான் டென்மார்க் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய முத்துலட்சுமியை யார் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் யோசித்துக்கொண்டே இருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கம் நன்னீர் ஆமைகளை வளர்த்துப் பெருக்கும் மையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக முட்டை அறை என் பொறுப்பு. ஓகூஸ் நகரத்தில் ஆமை வளர்ப்போர் சங்கம் ஒன்று கூட்டம் போட்டது. அதில் நம்மூர்ப் பாலாமையின் முட்டைகளைப் பற்றி இயக்குநர் கட்டுரை வாசிப்பதாக இருந்தது. கால் போனதும் கட்டுரையை என் கையில் கொடுத்து, "போய் வாசிச்சுட்டு வந்திரு, வேற எதுவும் பேசாதே" என்றார். வாசிக்கவும் இல்லை, பேசாமலும் இருக்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

தங்குவதற்கு ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் ஒரு தமிழர் வீட்டை ஏற்பாடு செய்திருந்தார்கள். சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், கதவு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அதே சங்கத்தில் உறுப்பினர். தமிழ் பேசுகிறவளைத் தமிழ் பேசுகிற வீட்டில் விட்டுவிட்டால் தொல்லை இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பது பாதி உண்மை. பஸ்ஸில் உட்கார்ந்து, ஊர் வந்தால் கண்டக்டர் கூவுவார் என்று காத்திருந்தேன். அங்கே கண்டக்டரே கிடையாது. இறங்க வேண்டியவர்கள் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். யாரும் அமுக்கவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை. நான் இறங்கிய இடத்தில் நான்கு பக்கமும் அறுவடை முடிந்த வயல், காற்று, ஒரு கம்பம். அந்தக் காற்றைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, ஆடி மாசத்துத் தென்காசிக் காற்றெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். போன் செய்து அரை மணி நேரம் கழித்துச் சிவநேசன் காரில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனார். அவருடைய ஒரு கண் சிவந்திருந்தது. ஒப்பரேசன் செய்தது என்றார்.

அவர் மனைவி ராஜினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த இறாலும் வைத்தார். இறால் அருமை என்றேன். "அது ஆமைக்கு வாங்கினது அக்கா, உங்களுக்காகக் கொஞ்சம் எடுத்தனான்" என்றார் சாதாரணமாக. எங்கள் மையத்தில் ஆமைகளுக்கு மீன் கழிவுதான். அந்த வீட்டு ஆமையாகப் பிறக்காமல் போனோமே என்று வெட்கமில்லாமல் இன்னும் இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சிவநேசன் என்னை நிலவறைக்கு அழைத்துப் போனார். பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு சாண் நீள ஓட்டோடு ஓர் ஆமை. கழுத்து மட்டும் தனியாக இன்னொரு சாண் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் படத்தில் மட்டுமே பார்த்த பாம்புக் கழுத்து ஆமை. நேரில் பார்த்ததும் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்துவிட்டேன். நம்மூர் ஆமை பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவ்வளவு நீளத்தை எங்கே இழுப்பது? கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்கடியில் சொருகிக்கொண்டு, ஒரு கண்ணால் நம்மை ஓரப்பார்வை பார்க்கும். வாயோரம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் நம்மைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரிப்பதுபோலவே இருக்கும்.

சிவநேசன் இறால் ஒன்றைப் போட்டார். ஆமை அவசரப்படவில்லை. கழுத்தை மெதுவாக நீட்டி, இறாலுக்கு அருகில் வந்ததும் வாயைத் திறந்தது. அவ்வளவுதான், இறாலைக் காணோம். கடிப்பதெல்லாம் இல்லை. வாயும் தொண்டையும் சட்டென்று விரிய, தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. நான் கை தட்டிவிட்டேன். சிவநேசன் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

இந்தோனேசியாவில் ரோட்டே என்று ஒரு சின்னத் தீவு. அங்கேயுள்ள குளங்களிலும் வயல் தண்ணீரிலும்தான் இந்த ஆமை வாழ்ந்தது. நெடுநாளாக வேறோர் ஆமையோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு, இல்லை, இது தனி இனம் என்று பேர் வைத்தார்கள். பேர் வந்ததும் உலகமெங்கும் சேகரிப்பாளர்களுக்கு ஆசை வந்தது. சில வருடங்களில் குளம் குளமாக அள்ளிவிட்டார்கள். இப்போது தீவில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். படித்தவர்கள் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அது பாட்டுக்குச் சேற்றில் கிடந்திருக்கும்.

அதனால் ஐரோப்பாவில் இருக்கும் சில ஆமைகளை ஒரு திட்டத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஆமை திட்டத்துக்குச் சொந்தம். சிவநேசன் போன்றவர்கள் வளர்த்துக் கொடுக்கிறவர்கள் மட்டுமே. முட்டை, வெப்பம், எடை எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. சிவநேசனின் பெட்டை ஆமை, திட்டம் இரவலாக அனுப்பிய ஆணோடு சேர்ந்து, இரண்டு முறை முட்டையிட்டு இரண்டு முறையும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. இந்த மூன்றாவது முறையும் தவறினால் ஆமையை ஜெர்மனிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடம் வளர்த்தவர். ஆமையைப் பார்க்கிற பார்வையிலேயே அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்பது தெரிந்தது.

முட்டை எங்கே என்றேன். மாடிக்கு அழைத்துப் போனார். சாமியறை! பிள்ளையார், முருகன், லட்சுமி, மின்சார விளக்கு, கீழ்த்தட்டில் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் இன்குபேட்டர் பெட்டி. வீட்டிலேயே யாரும் தட்டாமல் முட்டாமல் நடக்கிற அறை அது ஒன்றுதானாம். ஆமை முட்டையை இட்ட நிலையிலிருந்து புரட்டிவிடக் கூடாது, ஆடக்கூடக் கூடாது. ஆகவே சாமியறையைவிட நல்ல இடம் கிடையாது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

பெட்டிக்குள் ஈரத் துகளில் பாதி புதைந்தபடி ஒன்பது முட்டைகள். நீள்வட்டமாக, வெள்ளையாக, கட்டைவிரல் நீளம். குனிந்து நெடுநேரம் பார்த்தேன். ஆமை முட்டையில் கரு வளரத் தொடங்கினால் மேல் ஓட்டில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெளுப்புப் படரும். இரண்டு முட்டைகளின் உச்சியில் ஏதோ இருந்தது. சுண்ணாம்பா, பூஞ்சையா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஏதோ இருந்தது. இட்டு எத்தனை நாள் என்றேன். ஐம்பத்து மூன்று என்றார். ஐம்பத்து மூன்று நாளுக்கு இது ரொம்பக் கொஞ்சம். பிறகு அவர் கையைப் பிசைந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதையை ராஜினிதான் சமையலறையில் சொன்னார். முட்டையிட்டுப் பதினான்காம் நாள், ஊரில் சிவநேசனின் அம்மா இறந்துவிட்டார். கண் ஒப்பரேசன் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரே மகன். சடங்கை எல்லாம் போனில், ஒற்றைக் கண்ணால் பார்த்திருக்கிறார். செய்தி வந்த உடனே துடக்கு என்று சாமியறை விளக்கின் பிளக்கைப் பிடுங்கிக் கதவைச் சாத்திவிட்டார். இன்குபேட்டரும் அதே வயரில்தான் இருந்தது. மூன்றாம் நாள்தான் நினைவு வந்ததாம்.

"நான் சொன்னனான் அக்கா, பக்கத்து வீட்டு டெனிஷ்காரியைக் கூப்பிட்டுப் பெட்டியை வெளியில எடுப்பிப்பம் எண்டு. அவளுக்கு என்ன துடக்கு? இவர் கேக்கேல்லை. அம்மாவுக்கு நான் செய்யிறது இது ஒண்டுதான், இதையும் அரைகுறையாச் செய்ய ஏலாது எண்டிட்டார்."

அவர்கள் துடக்கு என்பது எங்கள் பக்கம் தீட்டு, பதினாறாம் நாளோடு முடியும். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொன்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வீட்டைக் கழுவி, அதன்பிறகுதான் கதவைத் திறந்து பிளக்கைச் சொருகியிருக்கிறார். முப்பத்தொரு நாளும் அந்த முட்டைகள் சூடில்லாத அறையில் கிடந்திருக்கின்றன. மறுபடி சூடு ஏறி எட்டு நாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினான்கு, முப்பத்தொன்று, எட்டு. ஐம்பத்து மூன்று நாள் முட்டைக்கு அந்த வெளுப்புக் கொஞ்சம்தான். எட்டே நாள் வளர்ந்த முட்டைக்கு அது கச்சிதம்.

ஏனென்றால் பாலாமை முட்டையோடு நான் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதுவும் இப்படித்தான், இட்டதும் வளராது. உள்ளே கரு தூங்கும். குளிர்காலம் வந்து போய், மண் மறுபடி சூடேறினால்தான் விழிக்கும். தொடர்ந்து சூட்டிலேயே வைத்தால் தூங்கித் தூங்கியே செத்துப்போகும் முட்டைகளை நான் எத்தனையோ புதைத்திருக்கிறேன். பாம்புக் கழுத்து ஆமைகளிலும் சில இனங்களுக்கு இந்தத் தூக்கம் உண்டென்று இயக்குநர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த ரோட்டே ஆமைக்கு எத்தனை நாள் குளிர் வேண்டும் என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. முந்தைய இரண்டு முறையும் சிவநேசன் என்ன செய்தார்? முட்டை இட்ட நாளிலிருந்து இடைவிடாமல் இருபத்தெட்டு டிகிரி, ஒரு புள்ளி பிசகாமல். பாவம், அவ்வளவு ஒழுங்கு.

சனிக்கிழமை ஓகூஸ். சிவநேசன், அவர் மகள் அனோஜா, நான், மூவரும் ரயிலில். அனோஜா நர்ஸ் படிப்புப் படிக்கிறவள். அப்பா தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள், எனக்காக மட்டும் தமிழுக்கு இறங்கி வருவாள். ரயிலில் ஏறியதும் இயக்குநர் போன் செய்தார். கட்டுரையைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று அவர் கத்த, வைத்திருக்கிறேன் என்று நான் கத்த, எதிர்சீட்டில் இருந்த கிழவர் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டில் விரல். அமைதிப் பெட்டியாம். பேசாமல் போவதற்கென்றே ஒரு ரயில் பெட்டி! நெல்லை எக்ஸ்பிரஸில் இப்படி ஒன்றை மாட்டினால் அதில் ஏறுவதற்கு ஒரு ஆள் கிடைக்காது.

ஓகூஸில் இறங்கிச் சாலையோரம் நின்று மூச்சு வாங்கினேன். நான் நின்றது சைக்கிள் பாதை. மணி அடித்துக்கொண்டே ஒரு பெண்மணி, முன்னால் பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகளோடு, என்னைச் சுற்றி வளைத்துப் போனாள். போகிறபோக்கில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அனோஜாவைக் கேட்டேன். "இது நடக்கிற இடமில்லை எண்டு சொன்னவ" என்றாள். நான் நடக்கவில்லையே, நின்றுகொண்டுதானே இருந்தேன்.

கூட்டம் சின்ன மண்டபத்தில். நாற்பது ஐம்பது பேர். ஆளாளுக்குக் காபி, கறுப்பு ரொட்டியின்மேல் ஊறவைத்த மீன். அந்த மீனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, விருந்து வைத்தவர்களைக் குறை சொல்வது பாவம். திட்டத்தை நடத்துகிற கிர்ஸ்டன் மேடையேறினார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், வெள்ளை முடியை ஒட்ட வெட்டியவர், தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவர். திரையில் சிவநேசன் பெட்டியின் வெப்பப் பதிவைக் காட்டினார். பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கருவி பேட்டரியில் ஓடுகிறதாம், அதனால் பிளக்கைப் பிடுங்கியும் அது மட்டும் விடாமல் எழுதியிருக்கிறது. இருபத்தெட்டில் ஓடிய கோடு கிணற்றில் விழுந்ததுபோலப் பத்தொன்பதுக்கு இறங்கி, முப்பத்தொரு நாள் அங்கேயே கிடந்து, மறுபடி ஏறியிருந்தது.

"காரணம், மின்தடை என்று வளர்ப்பவர் தெரிவித்திருக்கிறார்" என்றார் கிர்ஸ்டன். அனோஜா என் காதில் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவளுக்கும் அது புதுச் செய்தி. எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், ஒரு மாதம் மின்சாரம் இல்லாமல் அந்த மனிதர் எப்படிச் சமைத்தாராம் என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதையும் அனோஜாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சிவநேசன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்துப்போனது. அவர்மேலும்தான், சிரித்தவர்கள்மேலும்தான்.

கிர்ஸ்டன் முடிவைச் சொன்னார். மூன்றாவது ஈட்டு முட்டைகளும் கெட்டுவிட்டன. திங்கட்கிழமை நேரில் வந்து முட்டைகளை அறுத்துப் பார்த்துப் பதிவு செய்வார், ஆமையை எடுத்துக்கொண்டு போவார். அடுத்து, இந்தியாவிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்.

மேடைக்குப் போனேன். கட்டுரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அதில் இலக்கணம் கிடையாது, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்தக் கோட்டை மறுபடி காட்டுங்கள். அது கெட்ட கோடு இல்லை. எங்கள் பாலாமை முட்டைக்கு இந்தக் குளிர் வேண்டும். இந்த முட்டையை நான் நேற்றுப் பார்த்தேன், உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன், அறுக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். பெண்கள் சிலர் தலையாட்டினார்கள். கிர்ஸ்டன் எழுந்து பொறுமையாகவே பதில் சொன்னார்.

"உங்கள் ஆமை வேறு, இது வேறு. நீங்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பதிவில் பொய் எழுதுகிறவர் வீட்டில் நான் இந்த ஆமையை விட்டுவைக்க முடியாது. உலகத்தில் மிச்சம் இருப்பதே கொஞ்சம்."

என்னிடம் யாராவது முட்டைக் கணக்கைப் பொய்யாக எழுதினால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அந்தக் குளிருக்குக் காரணம் எனக்குத் தெரியும், ஆனால் அது சிவநேசன் சொல்ல வேண்டியது. அவரோ எழுந்து காபி மேசைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது எந்தப் பெட்டியில் ஏறினோம் என்று பார்க்கவில்லை, எங்கள் பெட்டி அமைதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவநேசனின் ஊர்க்காரர் ஒருவர் துக்கம் கேட்டு வந்தார். வெகுதூரத்தில் இருக்கிறாராம், இப்போதுதான் வர முடிந்ததாம். தேத்தண்ணி குடித்துவிட்டு நிலவறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "உந்த ஆமையளை வீட்டில வைச்சிருக்காதையுங்கோ எண்டு நான் எப்பவோ சொன்னனான். இப்ப பாத்தியளே" என்றார். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று நம்மவர்கள் சொல்வது உங்களுக்கும் தெரிந்ததுதான். எண்பத்து நாலு வயதில் யாழ்ப்பாணத்தில் நிம்மதியாகக் கண்மூடிய அம்மாவுக்கு ஹொல்ஸ்டெப்ரோ ஆமை என்ன செய்தது? நான் இருபத்திரண்டு வருடமாகக் கிட்டத்தட்ட ஆயிரம் ஆமைகளோடு இருக்கிறேன், என் மாமியாருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்றேன். மனிதர் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ராஜினி கதவைச் சாத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

அவர் போனதும் சிவநேசனைப் பிடித்துக்கொண்டேன். ஏன் தம்பி பொய் சொன்னீங்க?

"அவையளுக்கு என்னெண்டு அக்கா விளங்கப்படுத்துறது? சாமியறை, துடக்கு, முப்பத்தொரு நாள். முப்பது வருசமா இவையளோட வேலை செய்யிறன். இப்பிடி ஏதும் சொன்னால் ஒரு மாதிரிப் பாப்பினம். சிரிப்பினம். அதான் கரண்ட் இல்லை எண்டிட்டன்."

நேற்றும் சிரித்தார்களே, என்றேன். பொய்யனென்று சிரித்தார்கள். அதற்குப் பதில் அம்மாவுக்குத் துக்கம் காத்தவனென்று சிரித்துவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு எது கௌரவம்? நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். பன்னிரண்டாவது படித்தவள் எனக்கு எதற்கு மேடை என்று கூசிக்கொண்டிருந்தால் நான் இந்த நாட்டுக்கே வந்திருக்க மாட்டேன் என்றும், பதினாறு நாள் வழக்கமுள்ள என் ஊராக இருந்திருந்தால் இந்த முட்டைகளுக்குக் குளிர் போதாமல் போயிருக்கும் என்றும், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் எழுந்து நிலவறைக்குப் போய்விட்டார். தப்பாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. ராஜினி இடியப்பமும் சொதியும் வைத்தும்கூட.

திங்கட்கிழமை பத்து மணி என்றால் பத்து மணிக்குக் கிர்ஸ்டன் வந்து நின்றார். ஒரு கையில் ஆமையைக் கொண்டுபோகும் பெட்டி, மறு கையில் கருவிப் பை. ஷூவைக் கழற்றிவிட்டு மாடிக்கு வந்தார். சாமியறை வாசலில் ஒரு கணம் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வியால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. ஆனால் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்ததும் அந்த மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

பொறுங்கள் என்றேன். ஒரே ஒரு முட்டையை மட்டும் அறுத்துப் பார்க்கிறேன், உயிர் இருந்தால் மற்றதை விட்டுவிடலாம் என்றார். ஒன்றும் கூடாது. விளக்கில் காட்டினாலும் உள்ளே தெரியாத பருவம், ஒன்பதில் எது வளர்கிறது, எது வளரவில்லை என்று யாருக்குத் தெரியும்? நான் குனிந்து பெட்டிமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன். ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. "என் கையை வெட்டிட்டு எடுத்துக்கோங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அனோஜா அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க அவசியமும் இருக்கவில்லை.

அப்போதுதான் சிவநேசன் பேசத் தொடங்கினார். டேனிஷில், நிதானமாக, கையைக் கட்டாமல். அனோஜா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், நடுவில் அவள் குரல் உடைந்தது. அவள் அப்பா தன் அம்மாவைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி அவளே கேட்டதில்லையாம். அவர் சொன்னது இதுதான்: மின்தடை இல்லை. நான் பொய் சொன்னேன். என் அம்மா இறந்தார், நான் போக முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் முப்பத்தொரு நாள் சாமியறைக்குள் போகக்கூடாது. பிளக்கை நான்தான் பிடுங்கினேன். மூன்றாம் நாளே முட்டை நினைவு வந்துவிட்டது.

கிர்ஸ்டன் கேட்டார், வேறு யாரையாவது அனுப்பி எடுத்திருக்க முடியாதா?

"முடியும். நான் விடவில்லை."

மறுபடி இப்படி நடந்தால்?

"மறுபடியும் அதையேதான் செய்வேன். பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன். முப்பத்தொரு நாளுக்குக் கேட்க மாட்டேன்."

ராஜினி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். போச்சு, ஆமை போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். கிர்ஸ்டன் பிள்ளையாரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பெட்டிமேல் இருந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, மின்தடை என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தார். மேலே எழுதினார். எழுதியதை அனோஜா வாசித்துச் சொன்னாள்: வளர்ப்பவர் வெப்பத்தை நிறுத்தினார், தாயின் மரணம், முப்பத்தொரு நாள், பத்தொன்பது டிகிரி.

"இதை நான் எழுதலாம். நடக்காத மின்தடையைத்தான் எழுத முடியாது" என்றார். கத்தரிக்கோல் பைக்குள் போனது. முட்டைகளுக்கும் ஆமைக்கும் கிறிஸ்துமஸ் வரை அவகாசம். அதுவரை வாரம் ஒருமுறை முட்டைகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இன்குபேட்டருக்குத் தனி வயர் போட வேண்டும். இவ்வளவையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ராஜினி கொடுத்த தேத்தண்ணியில் சீனி கூட என்று முகம் சுளித்துவிட்டு, ஆனால் முழுவதும் குடித்துவிட்டு, வெறும் பெட்டியோடு போனார்.

நான் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பஸ்ஸில் சிவப்புப் பொத்தானை இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அமுக்கி ஓட்டுநரிடம் பேச்சு வாங்கினேன். ஊரில் இயக்குநர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து, கட்டுரையை ஏன் வாசிக்கவில்லை என்று ஒரு மணி நேரம் கத்தினார். கத்தட்டும். கத்தி முடித்ததும், முட்டையில் வெளுப்பு எவ்வளவு அகலம் இருந்தது என்று கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஆறு முட்டைகளில் விளக்கொளியில் ரத்த நாளம் தெரிந்தது. மாசி மாதம் முதல் முட்டை கீறியது. மூன்று கெட்டுப்போயின, ஆறு குஞ்சுகள் வந்தன. சிவநேசன் அனுப்பிய படத்தில் ஒன்று அவர் உள்ளங்கையில் உட்கார்ந்து, கழுத்தை மடித்து, ஒற்றைக் கண்ணால் உலகத்தை முறைத்துக்கொண்டிருந்தது. முட்டை அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். வேலை நேரத்தில் அழுததற்கு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஈட்டை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கிர்ஸ்டனும் அப்படித்தான் எழுதியிருந்தாராம். ஆனாலும் இந்த ஆமையை வளர்க்கிற எல்லாருக்கும் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார்: முட்டையிட்ட பதினான்காம் நாள் முதல் முப்பத்தொரு நாள், பத்தொன்பது டிகிரியில் வைத்துப் பாருங்கள் என்று. போன வாரம் சிவநேசன் போன் செய்தார். பெட்டை ஆமை நிலவறையில் மறுபடி முட்டையிட்டிருக்கிறது. ஜெர்மனியில் ஒருவர் அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார், ஏன் முப்பத்தொன்று, கணக்குக்கு முப்பதோடு நிறுத்தினால் போதாதா என்று கேட்டு.

நீங்க என்ன சொன்னீங்க தம்பி, என்றேன்.

"முப்பது காணாது எண்டு எழுதிப்போட்டன் அக்கா. ஏன் எண்டும் எழுதினன்."